அது வேண்டுதல் மொட்டை இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படிங்க. இதுல "நாங்க"ன்னு வர்ற இடமெல்லாம் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும்தான். டைப் பண்றது ஒருத்தர். பக்கத்துல உட்கார்ந்து "அப்படி இல்லைங்க, இப்படிப் போடுங்க"ன்னு சொல்றது இன்னொருத்தர்.

முதல்ல ஒரு மன்னிப்பு கேட்கணும். போன வருஷம் வீட்டுக்காரம்மா மொட்டைத் தலையோட கோயிலுக்கு வந்தப்போ நிறைய பேர் கேட்டீங்க, "என்னக்கா, திருப்பதி வேண்டுதலா?"ன்னு. நாங்களும் "ஆமா, வேண்டுதல்தான்"னு சொன்னோம். அது பொய். அம்மன் சன்னதியில நின்னுக்கிட்டு சொன்ன பொய். அது கீமோ மருந்துல கொட்டின முடி. மார்பகப் புற்றுநோய்.

ஏன் மறைச்சோம்? வெட்கம், பயம் ரெண்டும்தான். "என்ன பாவம் செஞ்சாங்களோ"ன்னு ஒரு வார்த்தை யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயம். இருபது வருஷமா அன்னதானச் சமையல்ல முன்னுக்கு நின்னவங்க, இனிமே அடுப்புப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். உண்மையில அப்படி யாரும் சொல்லல. நாங்களே நினைச்சுக்கிட்டது.

மறைச்சது அப்போ ஆரம்பிச்சதும் இல்லை. பட்டாணி அளவுல ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டு, எட்டு மாசம் எங்களுக்குள்ளயே வச்சிருந்தோம். வலி இல்லை, அதனால ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சோம். எண்ணெய் தேய்ச்சோம். ஆஸ்பத்திரிக்குப் போனப்பதான் டாக்டர் சொன்னார், இந்த மாதிரி கட்டி பெரும்பாலும் வலிக்காதுன்னு. அதுக்குள்ள அக்குள் வரைக்கும் போயிருந்தது. ஆபரேஷன் செஞ்சாங்க. அப்புறம் 8 தடவை கீமோ, அதுக்கப்புறம் ரேடியேஷன்னு சொன்னாங்க.

இந்த நாட்டுல 2012-லிருந்து 2016 வரைக்கும் பதிவான புற்றுநோய்கள்ல பாதிக்கு மேல 3-ஆம், 4-ஆம் கட்டத்துலதான் கண்டுபிடிச்சிருக்காங்கன்னு தேசியப் பதிவேடு சொல்லுது. நாங்க மட்டும் இல்லை, நிறைய பேர் இப்படித்தான் எட்டு மாசம் எண்ணெய் தேய்க்கிறாங்க போல.

சரி, மருந்து ஏத்துற நாள் எப்படி இருக்கும்னு சொல்றோம். யாரும் எங்களுக்குச் சொல்லல. சொல்லியிருந்தா பாதி பயம் குறைஞ்சிருக்கும்.

3 வாரத்துக்கு ஒரு தடவை மருந்து. ஒவ்வொரு தடவைக்கும் 2 நாள் போகும். முதல் நாள் ரத்தம் கொடுக்கணும், மறுநாள் மருந்து. தொழிற்சாலையில வருஷ லீவு 16 நாள். 8 தடவை, ரெண்டு ரெண்டு நாள், கணக்கு சரியா 16. "பார்த்தீங்களா, அம்மனே கணக்குப் போட்டு வச்சிருக்கா"ன்னு வீட்டுக்காரம்மா சிரிச்சாங்க. தீபாவளிக்குக்கூட லீவு மிச்சம் இல்லைன்னு வீட்டுக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரல.

விடியக்காலை 4.30-க்கு எழும்புவோம். குளிச்சு, விளக்கு ஏத்தி, ரெண்டு இட்லி. வெறும் வயித்தோட போகக்கூடாது, வயிறு முட்டவும் சாப்பிடக்கூடாது. பையில எடுத்துக்கிட்டது இவ்வளவுதான்: அடையாள அட்டை, அப்பாயின்மென்ட் அட்டை, பிளாஸ்க்ல சுடுதண்ணி, ஒரு சால்வை, கைலி ஒண்ணு, புளிப்பு மிட்டாய், பிளாஸ்டிக் பை. சால்வை எதுக்குன்னா டேகேர் அறையில ஏர்கான் எலும்பைத் துளைக்கும். புளிப்பு மிட்டாய், மருந்து ஏறும்போது வாயில வர்ற இரும்பு ருசிக்கு. பிளாஸ்டிக் பை எதுக்குன்னு சொல்லவேண்டாம்.

5.45-க்குச் செர்காம்ல கிளம்பி உம்பாய் வழியா மலாக்கா டவுனுக்குப் போவோம். அந்த நேரத்துல ரோட்டுல தொழிற்சாலை பஸ்ஸும் செம்பனைக் குலை ஏத்தின லாரியும்தான். பேச்சு இருக்காது. முதல் தடவை பாட்டு போட்டோம், பாதியிலேயே நிறுத்திட்டோம். ரெண்டாவது தடவையிலிருந்து கந்த சஷ்டி கவசம். சரியா ஆஸ்பத்திரி கார் நிறுத்துற இடம் வரும்போது முடியும். அங்கே இடம் கிடைச்சா அதுவே அன்னிக்கு முதல் அருள்.

நம்பர் எடுத்து, எடை பார்த்து, பிரஷர் பார்த்து உட்காருவோம். அரசாங்க ஆஸ்பத்திரியில நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். லட்சக்கணக்குல சொத்தை வித்து வைத்தியம் பார்க்கணுமோன்னு நினைச்சவங்க நாங்க. அந்த 5 ரிங்கிட் ரசீதைப் பார்த்து முதல் தடவை அழுதோம்.

எடையும் உயரமும் எதுக்குப் பார்க்கிறாங்கன்னா, மருந்தோட அளவு அதை வச்சுத்தான். அப்புறம் டாக்டர் முந்தின நாள் ரத்த ரிப்போர்ட்டைப் பார்ப்பார். ரத்தத்துல வெள்ளை அணுக்கள் கிருமியோட சண்டை போடுற சிப்பாய்ங்க மாதிரி. கீமோ மருந்து கெட்ட செல்லையும் கொல்லும், இந்த சிப்பாய்ங்களையும் சேர்த்துக் கொல்லும். அவங்க திரும்ப வளர்ந்திருந்தாதான் அடுத்த மருந்து. டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான் மருந்தைக் கலக்கவே ஆரம்பிப்பாங்க. முதல் தடவை இது தெரியாம, "மூணு மணி நேரமா உட்கார வச்சிருக்காங்க"ன்னு கோபப்பட்டோம். பேக்டரியில லைனை நிறுத்தி செக் பண்ணிட்டுத்தான் அடுத்த லாட் ஓட்டுவோம். அதே வேலையை இங்கேயும் செய்றாங்கன்னு புரிஞ்ச பிறகு கோபம் போயிடுச்சு.

அடுத்தது ஊசி. ஆபரேஷன் செஞ்ச பக்கத்துக் கையில ஊசி போடமாட்டாங்க, பிரஷர்கூட அந்தக் கையில பார்க்கமாட்டாங்க. ஒரு கைதான் பாக்கி. அதுலயும் நரம்பு ஒளிஞ்சுக்கும். ஒரு மிஸ்ஸி சொல்லிக்கொடுத்தாங்க: காலையிலிருந்தே நிறைய தண்ணி குடிங்க, கையைச் சூடா வச்சிருங்கன்னு. பிளாஸ்க் சுடுதண்ணியில துண்டை நனைச்சு, பொறுக்கிற சூட்டுல கையில சுத்தி வைப்போம். வீட்டுக்காரருக்கு அன்னிக்கு அதுதான் வேலை. தினம் 40 பேரை வேலை வாங்குறவர், அங்கே துண்டு பிழிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் 4 தடவை கொடுத்த மருந்துல ஒண்ணு செக்கச் செவேல்னு இருக்கும், ரோஸ் சிரப் மாதிரி. அதை மிஸ்ஸி கையாலேயே பெரிய சிரிஞ்சுல மெதுவா, பக்கத்துல உட்கார்ந்து ஏத்துவாங்க. நரம்புக்கு வெளியே கசிஞ்சா சதையைப் புண்ணாக்கிடும். அதனால சுருக்குன்னு எரிஞ்சா உடனே சொல்லணும், பொறுத்துக்கக் கூடாது. நம்ம பெண்கள் எதையும் பொறுத்துக்குவாங்க இல்லையா, அதான் அழுத்திச் சொல்றோம். அந்த மருந்துக்குப் பிறகு சிறுநீர் சிவப்பாப் போகும். ரத்தம்னு நினைச்சுப் பயந்துடாதீங்க, மருந்தோட நிறம்தான். நிறைய தண்ணி குடிக்கணும். ரெண்டு நாளைக்குக் கழிவறையில ரெண்டு தடவை பிளஷ் பண்ணணும்.

மத்தியானம் ரெண்டு மணி வாக்குல முடியும். வீட்டுக்கு வந்தா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. வாந்தி வராம இருக்கக் கொடுக்கிற மருந்து அப்படி. மூணாவது நாள்தான் உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி ஆகும். சோத்து வாசனையே பிடிக்காது. ரசத்தை ஆறவச்சுக் குடிக்கலாம், மோர் மாதிரி.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றோம்.

மூணாவது தடவை போனப்போ ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் தலையை ஆட்டினார். எங்களுக்கு வச்ச அளவு 1.5. அன்னிக்கு இருந்தது 0.9. "இன்னிக்கு வேண்டாம், ஒரு வாரம் கழிச்சு வாங்க." அவ்வளவுதான். சிரிக்கணும் இல்லையா, ஊசி இல்லாம வீட்டுக்குப் போறோம்! ஆனா அந்த 8 தடவையில ரொம்பக் கஷ்டமான நாள் அதுதான். மனசைக் கட்டிக்கிட்டு வந்து, கட்டை அவிழ்த்துக்கிட்டுத் திரும்பிப் போகணும். கார்ல ஒரு வார்த்தை பேசல.

அந்த வாரம்தான் ஒரு தெரிஞ்சவர் வீட்டுக்கு வந்தார். அவருக்கு மட்டும் எப்படியோ விஷயம் தெரிஞ்சிருந்தது. பெலாலாய் கஜா இலை ஒரு கட்டு, துரியான் பெலாண்டா இலை ஒரு கட்டு. "மருந்து நின்னதே ஒரு அறிகுறிதான். அம்மா நிறுத்தச் சொல்றா. இந்த இலையைக் குடிங்க, ஆஸ்பத்திரியை விட்டுடுங்க"ன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். அவர்மேல எங்களுக்குக் கோபம் இல்லை.

ஆனா உண்மையைச் சொல்றோம், நாங்க நிறுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டோம். ராத்திரி 11 மணிக்கு ரெண்டு பேரும் சமையலறையில உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினோம். வேற யார்கிட்டயும் கேட்க முடியல. மறைச்சு வச்சிருந்தோமே, யார்கிட்ட கேட்கிறது?

மறுநாள் வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரம்மா கோயிலுக்குப் போய், விரதம் இருந்து தீமிதி முடியுற வரைக்கும் பால் பழம் மட்டும் சாப்பிடப் போறேன்னு குருக்கள் ஐயாகிட்ட சொன்னாங்க. அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். "எத்தனை தடவை மருந்து ஏத்தியாச்சும்மா?"ன்னு கேட்டார். அவருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. நாங்க சொல்றதுக்காகக் காத்திருந்திருக்கார்.

அங்கேயே உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னோம். கேட்டுட்டு அவர் சொன்னது இது: "நாள் தவறாம, நேரம் தவறாம, கசந்தாலும் விடாம ஒண்ணைச் செய்றதுக்குப் பேர்தான் விரதம். இப்போ உனக்கு அந்த மருந்துதான்மா விரதம். பாதியில விட்டா விரதம் முறிஞ்ச மாதிரி. நல்லாச் சாப்பிடு, முட்டைகூடச் சாப்பிடு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

இலையைப் பத்தி டாக்டர்கிட்டயும் கேட்டோம். அவர் திட்டல. "கீமோ நடக்கும்போது வேண்டாம், மருந்தோட வேலையைக் கெடுக்கலாம், ஈரலையும் பாதிக்கலாம். எதைக் குடிச்சாலும் என்கிட்ட மறைக்காதீங்க"ன்னார். அவரும் மறைக்காதீங்கன்னுதான் சொன்னார்.

ஒரு வாரம் கழிச்சுப் போனோம். 2.1. மருந்து ஏறிச்சு. பக்கத்து நாற்காலியில ஒரு மலாய் மக்சிக். அவங்களுக்கு அது ஆறாவது தடவை. கையில தஸ்பி மணி, எங்க வீட்டுக்காரம்மா கையில அம்மன் குங்குமப் பொட்டலம். ரெண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க. "பெலான்-பெலான், காக்" என்றார். மெதுவா, மெதுவா, அக்கா. அதுக்கு மேல பேச்சில்லை. ஊசி போடுறப்போ அவங்க எங்களைப் பார்த்தாங்க, அவங்களுக்குப் போடுறப்போ நாங்க அவங்களைப் பார்த்தோம்.

அங்கே காத்திருந்த நேரத்துல போன்ல பார்த்துத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாவைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டோம். தமிழ்நாட்டுல கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடுற வழக்கத்தை ஒழிக்கப் போராடினவங்க. அவங்க தங்கச்சி புற்றுநோயில இறந்து போனாங்க. அந்த வேதனையைச் சுமந்துக்கிட்டே இருந்து, 1954-ல சென்னை அடையாறுல புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாங்க. ஆரம்பத்துல 12 படுக்கைதான். அங்கே மறுவருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மா, 2021-ல கண்ணை மூடுற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரியே வாழ்க்கைன்னு இருந்தாங்க. ஒரு வீட்டுச் சாவை மறைச்சு வைக்காம வெளியே எடுத்து வச்சதால எத்தனை ஆயிரம் பேர் பிழைச்சிருக்காங்க! எங்களுக்கு ஒரு மொட்டைத் தலையைப் பத்திச் சொல்லவே நாக்கு வரல.

குருக்கள் ஐயாகிட்ட சொன்ன பிறகு, எங்க அனுமதியோட நிர்வாகத்துல நாலு பேருக்கு மட்டும் சொன்னார். அதுக்கப்புறம் நடந்ததை நினைச்சா இன்னிக்கும் கண் கலங்குது. மருந்து தள்ளிப் போனதால கூட 2 நாள் வேணும், எங்க லீவுக் கணக்கு 16-லயே முடிஞ்சது. நம்ம இளைஞர் பிரிவு பையன் ஒருத்தன் ரத்தம் கொடுக்கிற நாளுக்கு "அத்தே, நான் கூட்டிட்டுப் போறேன்"னு வந்தான். நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்காம வந்தான். இன்னொரு நாள் மகளிர் பிரிவு அக்கா துணைக்கு வந்தாங்க. அவங்க ஒண்ணுமே கேட்கல. என்ன ஆச்சு, எப்படி வந்தது, ஒண்ணும் கேட்கல. துண்டை மட்டும் பிழிஞ்சு கொடுத்தாங்க.

தீமிதி வந்தது நாலாவது மருந்துக்குப் பத்தாவது நாள். வெள்ளை அணு ரொம்பக் குறைஞ்சிருக்கிற நேரம். கூட்டத்துக்குள்ள போகக்கூடாது. இருபது வருஷமாப் பால்குடம் எடுத்தவங்க, அன்னிக்கு ரோட்டோர மரத்தடியில கார்ல கண்ணாடியை ஏத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ரதம் வந்தது. எங்க கார் பக்கத்துல வந்ததும் பையன்கள் நிறுத்தினாங்க. யார் சொன்னதுன்னு தெரியல. ஒரு நிமிஷம்தான். அம்மன் முகம் கண்ணாடி வழியா நேரா தெரிஞ்சது. குருக்கள் ஐயா விபூதியை மட்டும் ஒரு தாள்ல மடிச்சுக் கொடுத்துட்டுப் போனார். நாங்க ரெண்டு பேரும் கார்லயே கும்பிட்டோம்.

இப்போ 8 தடவையும் முடிஞ்சது. கடைசி 4 தடவை வேற மருந்து. நகம் கறுத்தது, விரல் நுனி மரத்தது. அடுத்தது ரேடியேஷன். இன்னும் முடியல. குணமாயிடுச்சுன்னு எழுத ஆசைதான். ஆனா டாக்டரே இன்னும் சொல்லாததை நாங்க சொல்லக்கூடாது. முடி முளைச்சிருக்கு, அரை அங்குலம். அதை மட்டும் சொல்லலாம்.

அன்பர்களுக்குச் சில வேண்டுகோள், கையெடுத்துக் கேட்கிறோம்:

கீமோ எடுக்கிறவங்க வீட்டுக்குப் பார்க்கப் போனா, காய்ச்சல் இருமல் இருந்தா போகாதீங்க. பஞ்சாமிர்தம், வெட்டின பழம், பச்சைத் தீர்த்தம் கொடுக்கவேண்டாம், விபூதி குங்குமம் போதும். சாமி கோவிச்சுக்காது.

அவங்களுக்குக் காய்ச்சல் 38 டிகிரி தொட்டுட்டா, பனடோல் போட்டுப் படுக்க வைக்காதீங்க. நடுராத்திரியா இருந்தாலும் உடனே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்க. போன உடனே "கீமோ எடுக்கிறவங்க"ன்னு சொல்லுங்க. ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்தா அதுவே பெரிய உபயம்.

பெண்கள் கட்டி தட்டுப்பட்டா எண்ணெய் தேய்க்காதீங்க. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தான்ல சொன்னா பார்த்துக் கடிதம் கொடுப்பாங்க. பெர்கேசோ கட்டுற 40 வயசு தாண்டின தொழிலாளர்களுக்கு இலவச உடல் பரிசோதனைத் திட்டம் இருக்கு, பெண்களுக்கு மம்மோகிராமும் சேர்த்து. 2013-லிருந்து இருக்கு. எங்க பேக்டரியில எத்தனையோ பேருக்கு அதைப் பத்தி எடுத்துச் சொன்னோம், சொந்த வீட்டுல செய்யல. ஆண்களுக்கும் சொல்றோம்: 50 வயசு தாண்டியாச்சுன்னா மலப் பரிசோதனை அரசாங்க கிளினிக்ல இலவசம். வெட்கப்படாதீங்க. வெட்கத்துக்கு நாங்க கொடுத்த விலை எட்டு மாசம்.

கடைசியா ஒண்ணு. நம்ம கோயிலுக்கு வர்றவங்கள்ல இப்பவும் எங்களை மாதிரி மறைச்சு வச்சிருக்கிறவங்க இருப்பீங்க. ஊருக்கெல்லாம் சொல்லவேண்டாம். குருக்கள் ஐயாகிட்ட சொல்லுங்க, இல்லைன்னா எங்ககிட்ட சொல்லுங்க. நிர்வாகத்துல பேசி, கார் வச்சிருக்கிற ஏழு பேர் பேர் கொடுத்திருக்காங்க. ரத்தம் கொடுக்கிற நாளோ மருந்து நாளோ, விடியக்காலை உங்க வீட்டு வாசல்ல ஒரு கார் வந்து நிக்கும். யாரும் எதுவும் கேட்கமாட்டாங்க. பிளாஸ்க்ல சுடுதண்ணியும் ஒரு துண்டும் அந்தக் கார்லயே இருக்கும்.

வர்ற வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மா கோயிலுக்கு வர்றாங்க. தலையில துணி கட்டாமத்தான் வருவாங்க. பார்த்தா "என்ன வேண்டுதல்"னு கேட்காதீங்க. "சாப்பிட்டீங்களாக்கா"ன்னு கேளுங்க, போதும்.

அம்மா துணை.